பின் சக்கரத்து டிரம்மைக் கழற்றுவதற்கு முன்னால்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார், பைக் வைத்திருக்கும் பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள். உறவுக்காரர்கள் முதல் பத்தியிலேயே லைக் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள் என்று தெரியும். கீழே டயரைப் பற்றி எழுதியிருப்பதை மட்டுமாவது பார்த்துவிட்டுப் போங்கள். அது உங்கள் வண்டிக்கும் பொருந்தும்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் இயற்பியல் படித்த ஒருவன் இப்போது சேலையூரில் குடும்பத்தோடு இருக்கிறான். ஐந்தாறு வருடங்களுக்கு முன் ஒரு கான்டெஸா கிளாசிக் வாங்கினான். மகள்கள் இரண்டு பேருக்கும் அந்த வண்டி மேல் உயிர். போன மழைக்காலத்தில் இரும்புலியூர் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நிற்க, இவன் பிரேக்கை மிதித்திருக்கிறான். வண்டியின் மூக்கு மீடியன் பக்கம் திரும்பி, வால் இடது பக்கம் போய்விட்டது. பின்னால் பேருந்து எதுவும் வராததால் ஒன்றும் ஆகவில்லை. மெக்கானிக்கிடம் காட்டியதற்கு, "டிரம் பழைய காலத்துச் சமாச்சாரம், பின்னாடியும் டிஸ்க் போட்டுட்டா சரியாயிடும், புதுப்பேட்டையில கேலிப்பர் கிடைக்கும்" என்றாராம். செலவு நாற்பதாயிரத்துக்குக் குறையாது. "போடலாமா சார்?" என்று நம் பழைய மாணவர்கள் குழுவில் கேட்டான். குழுவில் பன்னிரண்டு பேர் உடனே "சூப்பர் மச்சி, போட்டுடு" என்று கட்டைவிரலைக் காட்டினார்கள். என் கருத்து வேறு. அங்கே நாலு வரியில் எழுதினால் சண்டை மாதிரி இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கான்டெஸா தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்பாசடர் செய்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை செய்த கார் இது. மூலம் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால். நீண்ட மூக்கு, அகன்ற உடம்பு, அமெரிக்கப் படத்தில் வரும் கார் போல ஒரு தோற்றம். அதனால்தான் இதை 'இந்தியாவின் மஸில் கார்' என்று பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள். ஆரம்பத்தில் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினைத்தான் அதில் வைத்தார்கள். பயில்வான் உடம்புக்குள் பள்ளிக்கூடத்துப் பையன் இதயம்! அப்புறம் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. அதற்குப் பிறகுதான் பெயருக்குக் கொஞ்சம் நியாயம் செய்தது.

அசல் அமெரிக்க மஸில் கார்களிலும் பின்னால் டிரம்தான். 1964-இல் வந்த போன்டியாக் ஜிடிஓவுக்கு நாலு சக்கரத்திலும் டிரம். முஸ்டாங்குக்கு 1965-இல் முன் டிஸ்க் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். அதை ஓட்டியவர்கள் பின் டிரம்மைப் பற்றி அழவில்லை, முன் டிரம்மைப் பற்றித்தான் அழுதார்கள். இதைக் கவனியுங்கள்.

டிரம் பழசு, டிஸ்க் புதுசு என்பதும் சரியில்லை. டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கியது 1902-இல். பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்ததும் அதே 1902. இரண்டும் ஒரே வயது. டிஸ்க்குக்கு நல்ல பொருளும் அதிக அழுத்தமும் கிடைக்கச் சுமார் ஐம்பது வருடம் ஆனது. 1953-இல் ஜாகுவார் டிஸ்க் போட்டு லெ மான் பந்தயத்தை ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்றைக்கும் உங்கள் தெருவில் நிற்கும் ஸ்விஃப்ட்டின் பின் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள், டிரம்தான் இருக்கும். ஃபோக்ஸ்வாகனின் மின்சார ஐடி.4 காரிலும் பின்னால் டிரம். அவர்கள் யாரும் விவரம் தெரியாமல் போடவில்லை.

ஏன் என்பதற்கு இயற்பியல் வாத்தியார் பதில் சொல்லாமல் விட்டால் எப்படி? சைக்கிளில் பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் 'சர்ர்' என்று தேய்ந்துகொண்டே போகும், வண்டி நிற்காது. பைக்கில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன் ஃபோர்க் அமுங்கும். காரிலும் இதேதான் நடக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. கணக்கு வேண்டுமா? கார் 1200 கிலோ, இரண்டு அச்சுக்கும் நடுவே 2.67 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். ஓங்கி மிதித்துப் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.7 பங்கு வேகத்தில் நிறுத்தினால், 150 கிலோவுக்கு மேல் பின்னாலிருந்து முன்னால் போய்விடும். சும்மா நிற்கும்போது பின் சக்கரங்கள் 550 கிலோ தாங்கியிருந்தால், பிரேக் பிடிக்கும் அந்த நொடியில் 400-க்கும் கீழே. எடை குறைந்தால் பிடிப்பு குறையும். பிடிப்பு குறைந்த சக்கரத்தில் பிரேக்கைக் கூட்டினால் அது சுற்றாமல் நின்றுவிடும். 'லாக்' ஆவது என்கிறோமே, அது. லாக் ஆன சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடும். முன் சக்கரம் லாக் ஆனால் ஸ்டீயரிங் கேட்காது, வண்டி நேரே போகும். பின் சக்கரம் லாக் ஆனால் வால் முன்னால் வரப் பார்க்கும். எந்தக் கார் கம்பெனிக்காரனும் இந்த இரண்டாவதற்குத்தான் அதிகம் பயப்படுவான்.

அதாவது, அவனுக்கு இரும்புலியூரில் நடந்தது பின் பிரேக்கின் பலவீனத்தால் வண்டி நிற்காமல் போன கதை அல்ல. பின் பிரேக் இரண்டு பக்கமும் சமமாக இல்லாத கதை. அதற்கு மருந்தாக இன்னும் பலமான பின் பிரேக் போடலாம் என்பது, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துவரச் சொன்னேன். பின்பக்கம் ஜாக்கி போட்டு, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, பெரிய மகளைப் பெடலை மெதுவாக மிதிக்கச் சொன்னோம். வலது சக்கரம் நின்றுவிட்டது. இடது சக்கரம் கையால் சுற்றினால் சுற்றுகிறது! டிரம்மைக் கழற்றினால் உள்ளே வீல் சிலிண்டர் ஒழுகி, ஷூ இரண்டும் பிரேக் ஆயிலில் ஊறிக் கிடக்கிறது. வீல் சிலிண்டர், இரண்டு பக்கத்துக்கும் புது ஷூ, டிரம்மை லேத்தில் லேசாகக் கடைவது, ஆயிலை முழுக்க மாற்றி ஏர் எடுப்பது. மொத்தமும் அந்த நாற்பதாயிரத்தில் ஒரு சிறு பகுதி. இதைச் செய்த பிறகும் டிஸ்க் ஆசை போகவில்லை என்றால் அப்போது பேசலாம் என்றேன்.

அந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற ஒருவர் டிரம்மை எடுத்து வாயால் 'ஃபூ' என்று ஊதப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது. அந்தத் தூளை வாயாலும் ஊதக் கூடாது, கம்ப்ரஸர் காற்றாலும் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். பட்டறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். தயவுசெய்து முகக்கவசம் போடுங்கள். இது வாத்தியார் அதட்டல்.

இனி டிஸ்க் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். டிரம்முக்குத் தண்ணீர் ஆகாது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளத்தில் வண்டி எடுத்தவர்களுக்கு அது தெரியும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர நேரமாகும், அதுவரை பெடல் மட்டும் இருக்கும், பிரேக் இருக்காது. ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக இருந்தால் வண்டி இழுக்கும். டிஸ்க்கில் தண்ணீர் இரண்டு சுற்றில் சிதறிவிடும். சூடும் அப்படித்தான். வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் கூடும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். 1200 கிலோ வண்டி 60-இல் போனால் சுமார் 1,67,000 ஜூல், 80-இல் போனால் ஏறக்குறைய 3 லட்சம். அத்தனையும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். டிரம்முக்குள் அந்த வெப்பம் மூடிய பானைக்குள் போல நிற்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கடைசியில் பெடல் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். (அதற்கு முதல் வைத்தியம் இரண்டாவது கியர், டிஸ்க் அல்ல. சரி, விடுங்கள்.)

ஆகவே நாலு சக்கரத்திலும் டிரம் இருக்கும் பழைய அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் முன் சக்கரத்துக்கு டிஸ்க் போட ஆசைப்பட்டால் அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது என்பேன். வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் பிரேக்தான். அம்பாசடருக்கே பின்னாளில் இசுசு எஞ்சின் வந்தபோது கம்பெனி முன் டிஸ்க் கொடுத்தது. பின்னால் கடைசிவரை டிரம்மைத்தான் வைத்திருந்தது.

பின் டிஸ்க்குக்கு வருவோம். நம் பிள்ளைகள் புதுக் காரின் அலாய் சக்கர இடுக்கில் டிஸ்க் மினுங்குவதைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் கணினியைப் பார்ப்பதில்லை. இப்போது விற்கும் கார்களில் ஏபிஎஸ் இருக்கிறது, 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கு அது கட்டாயம். பின் சக்கரம் லாக் ஆகப் போகிறது என்று தெரிந்த கணத்தில் அது அழுத்தத்தைக் குறைத்துவிடும். கான்டெஸாவில் அந்த வேலையைச் செய்ய உங்கள் வலது கால் மட்டும்தான் உண்டு. ஆட்டோ குறுக்கே வந்தால் அந்தக் கால் ஒரே மிதிதான் மிதிக்கும்.

டிஸ்க் என்பது தனிச் சாமான் இல்லை, ஒரு குடும்பம். மருமகள் ஒருத்தி வந்தால் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கும் அல்லவா, அது மாதிரி. கேலிப்பரின் பிஸ்டன் வீல் சிலிண்டரை விடப் பெரியது, அதற்கு ஆயில் அதிகம் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு தள்ளாது, பெடல் கீழே போகும். டிரம் வழிக்கென்று சில மாஸ்டர் சிலிண்டர்களில் ஒரு சின்ன வால்வு இருக்கும், காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். டிரம்முக்கு அது நல்லது. அதை எடுக்காமல் டிஸ்க் போட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருந்து சூடாகிவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வால்வு ஒன்று தேவை, அதையும் புதிதாக அளந்து வைக்க வேண்டும்.

அப்புறம் கைப்பிரேக். டிரம்மின் அருமை இங்கேதான் தெரியும். கதவுக்கு அடியில் மரக்கட்டையைச் செருகினால், கதவைத் தள்ளத் தள்ளக் கட்டை இறுகும் அல்லவா? டிரம்முக்குள் ஒரு ஷூ அப்படித்தான், சக்கரம் சுற்றும் வேகமே அதை இழுத்து இறுக்கும். அதனால் ஒரு சின்னக் கேபிளை இழுத்தாலே வண்டி நிற்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. கைப்பிரேக்குக்கென்றே தனி அமைப்பு உள்ள கேலிப்பர் வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க்குக்குள்ளேயே ஒரு குட்டி டிரம் வைக்க வேண்டும். மாற்றிய வண்டிகளில் கைப்பிரேக் லீவர் வெறும் அலங்காரமாக நிற்பதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். "கியர்ல போட்டு, கல்லு வெச்சுக்குவேன் சார்" என்றான் ஒருவன். பரங்கிமலை ஏற்றத்தில் நிறுத்திவிட்டு, அந்தக் கல்லை நம்பிக் குழந்தையை இறக்கிவிடுவாயா என்று கேட்டேன்.

இதற்கெல்லாம் சேர்த்துத்தான் நாற்பதாயிரம் என்று நினைக்காதீர்கள். அது கேலிப்பருக்கும் டிஸ்க்குக்கும் மட்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

புதுப்பேட்டையை நான் குறை சொல்லவில்லை. அங்கே கிடைக்காத சாமான் இல்லை, அங்கே உள்ள அறிவும் சாதாரணமில்லை. ஆனால் எந்த வண்டியில் இருந்து வந்தது, எத்தனை எடைக்குச் செய்தது என்று தெரியாத கேலிப்பரை, அச்சுக் குழாயில் வெல்டிங் வைத்த ஒரு தகட்டில் மாட்டி, அதன் மேல் ஒரு குடும்பத்தை உட்கார வைப்பது வேறு விஷயம். பிரேக் விஷயத்தில் இப்படி நடக்க நம் ஊருக்குக் கொஞ்சம் வெட்கம் வேண்டும். பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962 முதல் இருக்கிறது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் அங்கேதான். நாட்டுக்கே பிரேக் செய்து கொடுக்கும் ஊர் இது. நமக்குப் பக்கத்திலேயே, வண்டலூர்–பெருங்களத்தூர் நடுவே ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஹெரால்டு கார் செய்தது. நம் பெரியவர்கள் பலர் அந்த வழியில் போகும்போது இன்னும் கையைக் காட்டிச் சொல்வார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஆர்சி புத்தகத்தில் பிரேக் வகை எழுதியிருக்காது, யாரும் குனிந்து பார்க்கவும் மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் விபத்து என்று வந்துவிட்டால் காப்பீட்டுக்காரர் குனிந்து பார்ப்பார்.

இந்தச் சட்டத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. காதைக் கிழிக்கும் சைலன்சரையும், ஒழுங்காகச் செய்த முன் டிஸ்க்கையும் அது ஒரே கூடையில் போடுகிறது. ஜெர்மனியில் மாற்றிய வண்டியைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனால், பொறியாளர் அளந்து பார்த்துச் சரியென்றால் ஆவணத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். நமக்கும் ஒரகடத்தில் உலகத் தரத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, தாம்பரத்திலிருந்து பக்கம்தான். பழைய வண்டிக்காரன் கட்டணம் கட்டி, "என் பிரேக்கை அளந்து சொல்லுங்கள்" என்று கேட்க ஒரு வழி இருக்க வேண்டும். அப்படி ஒரு வழி இல்லாததால்தான் எல்லாம் மரத்தடியில், கண் அளவில், 'ஓட்டிப் பார்த்தேன், நல்லாத்தான் நிக்குது' என்ற ஒரே சான்றிதழோடு நடக்கிறது. காய்ந்த சாலையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் நிற்கும்.

உறவுக்காரர்களுக்குச் சொன்ன டயர் சமாச்சாரம் இது. பிரேக் சக்கரத்தை நிறுத்தும், வண்டியை நிறுத்துவது டயர். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன முட்டைவடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அதிகம் ஓடாத வண்டிகளில் டயர் தேயாது, பூ அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் கெட்டித்துக் கல்லாகியிருக்கும். சேலையூர் கான்டெஸாவில் பார்த்தோம், வயது பதினொன்று! மழையில் வண்டி திரும்பியதில் அதற்கும் பங்கு உண்டு. அதே போல பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். சூடானால் அந்த ஈரம் கொதித்துக் குழாயில் ஆவியாகும், பெடல் பஞ்சாகும். குறைந்தால் ஊற்றுவதோடு நிறுத்தாமல், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்றுங்கள். உங்கள் ஊபர் ஓட்டுநருக்கும் சொல்லுங்கள்.

ஆர்எக்ஸ் 100-க்கு முன் டிஸ்க் போடுவதைப் பற்றிக் கேட்ட குரோம்பேட்டைப் பிள்ளைக்கு: ஃபோர்க்கையும் சேர்த்து மாற்றாமல் வெறும் டிஸ்க்கை மட்டும் மாட்டாதே. மெலிந்த ஃபோர்க் முறுக்கும். விரிவாக இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சேலையூர்க்காரன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். டிஸ்க்தான் வேண்டும் என்று அவன் முடிவு செய்தால், மேலே சொன்ன குடும்பம் முழுவதையும் சேர்த்துச் செய்யட்டும்: மாஸ்டர் சிலிண்டர், அழுத்த வால்வு, கைப்பிரேக் உள்ள கேலிப்பர், வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் நிற்கும் தகடு. முடிந்ததும் ஆளில்லாத மைதானத்தில், நனைந்த தரையில், 30-இல் தொடங்கிச் சோதிக்க வேண்டும். முன் சக்கரம் முதலில் லாக் ஆக வேண்டும். பின் சக்கரம் முந்தினால் வால்வைத் திருத்தும் வரை அந்த வண்டி ஜிஎஸ்டி சாலைக்கு வரக் கூடாது.

கழற்றிய டிரம், பேக் பிளேட், ஷூ எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடாதே தம்பி. எண்ணெய் தடவி, சாக்கில் கட்டி, பெயர் எழுதிப் பரணில் வை. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய வண்டி பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவத்தில் இருந்தால்தான் அதற்கு 'வின்டேஜ்' பதிவு. முதல் கான்டெஸாக்களுக்கு 2034-இல் அந்த வயது வரும். உன் வண்டிக்கு இன்னும் சில வருடம் கழித்து. அப்போது உன் மகள் அந்தச் சாக்கைத் தேடுவாள்.